கொம்பு நின்ற பக்கம்

இப்பத்தைச் சனத்துக்கு ஒன்றை அதன் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது என்பது பஸ்ரியாம்பிள்ளையின் தீராத முறைப்பாடு. சோம்பேறியைச் சோம்பேறி என்று சொல்லக்கூடாது, அவனுக்கு உடம்புக்கு ஏலாதாம். கள்ளைக் குடித்துவிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடக்கிறவனுக்கு மனக்கவலையாம். ஐஸுக்குள் கிடந்து கண் வெளுத்துப்போன மீனை யாவாரி கூசாமல் 'புது மீன்' என்கிறான், வாங்குகிறவனும் தலையாட்டுகிறான். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது அவருடைய சொந்த மகள் கொழும்புப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த பேர். படிப்பு ஏறாத பிள்ளையை மொக்கு என்று சொல்லக்கூடாது. கற்றல் இடர்ப்பாடு உள்ள பிள்ளை என்று சொல்லவேண்டும்.

"நீ அதைச் சொல்லி முடிக்க முன்னம் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சிடும்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

மகள் ஞானசவுந்தரி சிரித்தாளே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் சில வருசம் படிப்பித்துக்கொண்டிருந்தவளை, எழுத வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற விசேட பயிற்சிக்கென்று தெரிந்தெடுத்து ஆசிரிய கலாசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். படிப்பின் கடைசித் தவணையில் ஊரிலே ஒரு பிள்ளையைக் கூட வைத்திருந்து படிப்பித்துக் காட்டவேண்டும். அதற்காகத்தான் சோளகக் காற்று எழும்புகிற நேரம் பார்த்து வந்து இறங்கியிருந்தாள். அவளுடைய தகரப் பெட்டிக்குள் புத்தகங்கள் குறைவு. மரம் தேய்க்கிற அரத்தாளில் எழுத்துகளை வெட்டி மட்டையில் ஒட்டி அடுக்கி வைத்திருந்தாள். பஸ்ரியாம்பிள்ளை ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். விரலில் சொரசொரத்தது.

"தச்சு வேலைக்கோ பிள்ளை படிச்சனீ?"

"விரலாலை தடவித் தடவிப் படிக்கிறது அப்பு. கண் ஏமாத்தினாலும் விரல் ஏமாத்தாது."

"குருடருக்குத்தான் உப்பிடி."

"கண் தெரியிறவைக்கும் இருக்கு, அப்பு."

அவர் அந்த மட்டையைத் திரும்ப வைத்தார். வைத்தபிறகும் விரல் நுனியில் அது இருந்துகொண்டிருந்தது.

ஞானசவுந்தரி தெரிந்தெடுத்த பிள்ளை தூரத்துப் பிள்ளை அல்ல. அடுத்த வளவில் குடியிருக்கும் அவளுடைய தமையன் பிலிப்புவின் மகள், றோஸ். நாலாம் வகுப்பில் இருந்தாள். கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று சொல்லுவாள், கோயிலில் பாட்டு ஒருதரம் கேட்டால் போதும், அடுத்த கிழமை பிசகாமல் பாடுவாள். ஆனால் கொப்பியைத் திறந்தால் போச்சு. வகுப்பு ரீச்சர் அவளைப் பின்வரிசை வாங்கிலில் இருத்தி, தண்ணி அள்ளவும் கரும்பலகை துடைக்கவும் வைத்துக்கொண்டிருந்தா. பிலிப்பு பார்த்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஒரு பெட்டை தேவையாம் என்று கதை வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய பஸ் ஏற்றிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். போனால் அவள் திரும்பிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரப்போவதில்லை.

"நீங்கள் ஒருக்கா அண்ணையோடை கதையுங்கோ அப்பு" என்றாள் ஞானசவுந்தரி. "நான் சொன்னா, என்ரை சோதினைக்காண்டி அவன்ரை பிள்ளையை மொக்கு எண்டு ஊருக்குக் காட்டப் பாக்கிறன் எண்டுறான். நீங்கள் சொன்னாக் கேப்பான்."

பஸ்ரியாம்பிள்ளை சுருட்டைத் தேடிக்கொண்டு எழும்பினார். காற்றைப் பற்றியோ வலையைப் பற்றியோ விலையைப் பற்றியோ பிலிப்புவோடு அவர் எவ்வளவும் கதைப்பார். எழுத்தைப் பற்றி மட்டும் அவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டதில்லை. அந்த வள்ளத்துக்குப் பிறகு கதைத்ததில்லை.

அவர் முதன்முதலாகச் சொந்தமாகக் கட்டுவித்த வள்ளம் அது. தேவமாதா என்று பேர் வைப்பதாக நேர்ந்திருந்தார். மாதா திருநாளன்று காலமை பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதாக ஏற்பாடு. பேர் எழுதுகிற ஆளைப் பிடிக்கச் சொல்லிப் பெண்சாதி கத்தரீனா சொன்னா. "என்ரை பொடியன் அஞ்சாம் வகுப்பு, அவன் எழுதுவான், ஆர் வேணும்" என்று கடற்கரை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார் இவர். பிலிப்பு தயங்கினான். "எனக்கு வடிவா வராது அப்பு" என்றான். "பள்ளிக்கூடம் போறனீயெல்லோ, எழுதடா" என்று தூரிகையைக் கையில் கொடுத்தார். பொடியன் மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு வெள்ளைப் பெயின்றால் எழுதினான். முடிய எழும்பி நின்று, "சரியோ அப்பு?" என்று கேட்டான்.

பஸ்ரியாம்பிள்ளை இரண்டடி பின்னால் போய், வள்ளத்தின் முன்பக்க அணியம் கோணலில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைச் சரித்துப் பார்த்தார். எழுத்துகள் ஒரே உயரத்தில் நின்றன. பெயின்ற் வழியவில்லை. "வடிவாத்தான் இருக்குது" என்றார். சொல்லிவிட்டு மகனின் தலையில் கை வைத்தார்.

விடிந்து சுவாமி வந்தார். சனம் வந்தது. அப்போது ஞானசவுந்தரி சின்னப்பிள்ளை, வாசிக்கத் தொடங்கின புதிசு. சவுக்காரச் சுற்றுத்தாள், பஸ் பலகை, சங்கக்கடைச் சாக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம் போட்டு வாசிக்கிற காலம். தாயின் கையை விட்டு ஓடிப்போய் வள்ளத்துக்கு முன்னால் நின்று, விரலால் காட்டிக் காட்டி வாசித்தாள். "த... வே... மா... தா. தவேமாதா."

முதலில் சிரித்தது பக்கத்து வள்ளக்காரன் தம்பிராசா. "ஆரப்பா அந்தத் தவே? புதுசா ஆரும் அர்ச்சியசிட்டவரோ?" என்று புதுப் புனிதர் ஒருவரை விசாரிப்பவன்போலக் கேட்டான். பிறகு கடற்கரையே சிரித்தது. சுவாமி உதட்டைக் கடித்துக்கொண்டு தீர்த்தத்தைத் தெளித்தார். அந்தத் தீர்த்தம் தன் முகத்தில் பட்டது பஸ்ரியாம்பிள்ளைக்கு இன்றைக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் வடக்கயிற்றால் அடித்தார். "மாதாவின்ரை பேரைக் கெடுத்திட்டியேடா, மொக்குக் கழுதை" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும், 'நீங்களும் பார்த்துச் சரியென்றீங்கள்தானே' என்று அவன் இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் சொல்லவில்லை. சொல்லாத கோபத்துக்கும் சேர்த்து அடித்தார். பிறகு தாரைக் காய்ச்சி அந்தப் பேரின்மேல் தானே பூசினார். பிலிப்பு அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. கடலுக்கு வந்தான், கெட்டிக்காரத் தொழிலாளியானான், கலியாணம் முடித்தான். ஆனால் ஊரில் எத்தனை பிலிப்பு இருந்தாலும் இவன் மட்டும் தவே பிலிப்பு.

பஸ்ரியாம்பிள்ளையின் பள்ளிக்கூடக் கதை வேறு. தகப்பனுக்கு வள்ளத்தில் ஆள் தேவைப்பட்டதால் இடையில் நின்றதாகத்தான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். உண்மை என்னவென்றால் ஏட்டைப் பார்த்தால் எழுத்துகள் சூடை மீன் கூட்டம் மாதிரி ஒரு கணம் நிற்கும், மறுகணம் ஒரேயடியாகத் திரும்பிவிடும். எதற்கு முன்னால் எது நின்றது என்று பிடிக்க ஏலாது. பள்ளிக்கூடச் சட்டம்பியார் குருமணலில் முழங்காலில் நிற்கவைத்தார். அவர் நின்றார். ஒரு நாள் நிற்காமல் ஓடிவிட்டார். பிறகு ஒரு வித்தையைப் பிடித்துக்கொண்டார். கோயிலில் மன்றாட்டுமாலையைக் கேட்டே பாடமாக்கி, புத்தகத்தை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னின்று சொல்லுவார். ஊர் அவரை வாசிக்கத் தெரிந்த ஆள் என்றே நினைத்தது. கத்தரீனாகூட அப்படி நினைத்துக்கொண்டுதான் செத்துப்போனா.

மகள் கேட்டபடி பிலிப்புவோடு கதைக்க அவர் ஒரு தடவை போனார். அவன் வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தி, தானும் ஒரு நண்டைச் சிக்கெடுத்தார்.

"பெட்டையை யாழ்ப்பாண ரவுணுக்கு அனுப்பத்தான் போறியோ?"

"ஓம்."

"கொஞ்சம் பொறுக்கலாம்."

பிலிப்பு நிமிர்ந்து பார்க்கவில்லை. "அங்கை ஆரும் அவளை வாசி எண்டு கேக்கமாட்டினம் அப்பு. குழந்தை அழுதாத் தூக்கோணும், அவ்வளவுதான். இஞ்சை இருந்தா நாளைக்கு அவளுக்கும் ஒரு பேர் வரும். எங்கடை குடும்பத்துக்கு ஒரு தவே போதும்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கோபிக்கலாம். அவன் நண்டின் காலைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். பஸ்ரியாம்பிள்ளை வலைக்கண் பெருத்துப்போய்விட்டது, கட்டவேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குசினிக்குள் ஞானசவுந்தரி கூழுக்கு ஒடியல் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் இருந்து சுருட்டுப் பற்றவைத்தார். கேட்காமலே அவள் கதை தொடங்கினாள். கலாசாலையில் ஒரு நாள் எல்லாரையும் ஒரு கண்ணாடிக்கு முன்னால் இருத்தினார்களாம். கையைப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரிகிறதைப் பார்த்தே தங்கள் பேரை எழுதவேண்டும் என்றார்களாம். "கை ஒரு பக்கம் போகுது அப்பு, எழுத்து மற்றப் பக்கம் போகுது. எழுத ஏலாமல் நாங்கள் முழிக்க, விரிவுரையாளர் பள்ளிக்கூட வாத்திமார் மாதிரியே ஏசினவர். கவனமில்லை, சோம்பல், மண்டைக்குள்ளை களிமண் எண்டு. விளையாட்டுக்குத்தான். ஆனா பிள்ளை பெத்த பொம்பிளையள் எல்லாம் இருந்து அழுதவை."

"நீயும் அழுதனீயோ?"

"ஓம். எனக்கு அண்ணையின்ரை நினைவு வந்திட்டுது." அவள் கரைக்கிற கையை நிறுத்தினாள். "அண்டைக்கு நான் சத்தம் போட்டு வாசிக்காமல் விட்டிருந்தா அவன் அடி வாங்கியிருக்கமாட்டான். படிப்பும் போயிருக்காது. என்ரை வாயாலை வந்த பேர்தானே அது. இந்தப் படிப்புக்கு நான் கேட்டுப் போனதே அதாலைதான்."

சுருட்டு அணைந்துவிட்டது. அவர் அதைத் திரும்பப் பற்றவைக்கவில்லை. 'நீ வாசிக்க முதல் நான் பார்த்தனான்' என்று ஒரு வசனம். அதைச் சொன்னால் அவளுடைய தோளில் இருக்கிறது இறங்கி அவருடைய தோளுக்கு வரும். அது அவருடையதுதான். தெரியும்.

"நீ குழந்தை. உனக்கென்ன தெரியும்" என்றார்.

"அது பரம்பரையிலை வாறதும் உண்டாம் அப்பு. தகப்பன், பேரன், அப்பிடி. குடும்பத்திலை விசாரிக்கச் சொன்னவை. உங்கடை பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?"

"எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார். "நான் படிப்பை விட்டு நிண்டது ஐயாவின்ரை வள்ளத்துக்கு ஆளில்லாமல்."

அவள் தலையாட்டினாள். நம்பினாள். நம்பினதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கூழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சனிக்கிழமை காலமை ஞானசவுந்தரி கடகத்தில் கடல்மணல் அள்ளிவந்து, தகரப் பெட்டியின் மூடியைக் கழற்றி மல்லாத்தி வைத்து, அதில் மணலைப் பரப்பித் தண்ணி தெளித்தாள். றோஸ் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். நாளைக்குப் போகப்போகிற பிள்ளை, போகுமட்டும் என்னோடு விளையாடட்டும் என்று தமையனிடம் கேட்டு வாங்கியிருந்தாள். பஸ்ரியாம்பிள்ளை பூவரசின் கீழ் இருந்து கிழிந்த வலையைப் பொத்தினார். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். பெட்டை விரலை மணலில் ஊன்றி மெதுவாக இழுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் கடித்த அதே பக்கம்.

பிலிப்பு வாசல் படலையடியில் வந்து நின்றான். மகளின் உடுப்புகளை அடுக்கவேண்டும் என்று கூட்டிப்போக வந்திருந்தான். ஞானசவுந்தரி அவனைக் காணவில்லை.

"அப்பு, ஒருக்கா வந்து பாருங்கோ. பிள்ளை தன்ரை பேரை எழுதியிருக்கிறாள்."

பேரப்பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்றுதான் அவள் கூப்பிட்டாள். பஸ்ரியாம்பிள்ளை எழும்பி வந்தார். தலையைச் சரித்துப் பார்த்தார். எழுத்துகள் ஒரே உயரத்தில் நின்றன. ஈரமணலில் கோடுகள் கலையாமல் இருந்தன.

"வடிவாத்தான் இருக்குது" என்றார்.

றோஸின் முகம் மலர்ந்தது. "பாட்டா சரியெண்டிட்டார் மாமி."

ஞானசவுந்தரி மணலைப் பார்த்தாள், பிறகு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். படலையடியில் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

"அண்டைக்கும் இதே சொல்லுத்தான்" என்றான் பிலிப்பு.

"எண்டைக்கு அண்ணை?"

"வள்ளத்திலை எழுதி முடிச்சிட்டுச் சரியோ எண்டு கேட்டனான். வடிவாத்தான் இருக்குது எண்டவர்." அவன் உள்ளே வரவில்லை. படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நல்லா வாசிக்கத் தெரிஞ்ச மனுசன், கோயிலிலை முன்னுக்கு நிண்டு வாசிக்கிற மனுசன், பிழையெண்டு தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை எண்டு யோசிச்சனான். எல்லாருக்கும் முன்னாலை என்னை வெக்கப்படுத்தத்தான் சொல்லாமல் விட்டவர் எண்டு நினைச்சனான். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

பஸ்ரியாம்பிள்ளைக்கு வடக்கயிறு கையில் இருப்பதுபோல இருந்தது. அடித்ததைத்தான் அவன் மனதில் வைத்திருக்கிறான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

"வெயில் கண்ணுக்கை அடிக்குது" என்றார். "இதையெல்லாம் ஆர் இப்ப வடிவாப் பாக்கிறது."

வெயில் அவருடைய முதுகில் இருந்தது. பிலிப்பு அண்ணாந்து வெயிலைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான்.

ஞானசவுந்தரி மணலுக்குக் குனிந்துகொண்டாள். "றோஸ், இஞ்சை பார். உன்ரை பேரைச் சொல்லேக்கை ற-தான் முதல் வருது, என்ன? நீ காதாலை கேட்டபடி ற-வை முதல் எழுதி, கொம்பைப் பிறகு போட்டிட்டாய். அது மொக்குத்தனமில்லை. உன்ரை அப்பாவும் அப்பிடித்தான் த-வை முதல் எழுதினவர், கொம்பு பக்கத்து வ-வோடை சேர்ந்து தவே ஆச்சுது. ஆனா எழுதேக்கை கொம்பு முன்னுக்கு நிக்கோணும்."

"ஏன் நிக்கோணும்?"

கேட்டது றோஸ் அல்ல. பஸ்ரியாம்பிள்ளை. குருமணலில் முழங்காலில் நின்றபோது கேட்கவேண்டியது இப்போது வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. "பின்னுக்கு வாற சத்தத்துக்கு அடையாளத்தைக் கொண்டுபோய் முன்னுக்கு வை எண்டு சொன்ன விசரன் ஆர்? சொல்லு, நீ படிச்சனீதானே."

"தெரியாது அப்பு. கலாசாலையிலையும் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

பிலிப்பு இந்தத் தடவை வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடிய முகத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டான். "அவரை இருத்தி எழுதச் சொல்லு" என்றான் தங்கைக்கு. "அவர் இவளோடை இருந்து எழுதிப் பழகினா, நாளைக்கு நான் பஸ்ஸிலை ஏத்தேல்லை. டொக்டர் வீட்டுக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லுறன்."

"பகிடி விடாதை."

"பகிடியில்லை அப்பு. ஏசினாலும் சிரிச்சாலும் ரெண்டு பேரா இருந்தா அவளுக்குத் தாங்கும்."

றோஸ் ஒன்றும் விளங்காமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் பேரை உள்ளங்கையால் தடவி அழித்து, மணலை மட்டமாக்கி, சற்றே தள்ளி இருந்து இடம் விட்டாள். "வாங்கோ பாட்டா. ஈரம் காஞ்சா வராது."

பஸ்ரியாம்பிள்ளை சாரத்தை ஒதுக்கிக் குந்தினார். மகள் மணிக்கட்டைப் பிடிக்க வந்தாள். அவர் உதறினார். விரலை மணலில் வைத்தார். குளிர்ந்தது. வள்ளத்தின் பேரை எழுதவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. விரல் அதைத்தான் எழுதப் போனது. த வந்தது. அதன் பின்னால் கொம்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்க்கப் பிழையென்று தெரிந்துவிட்டது. அழித்தார். திரும்ப எழுதினார். திரும்பவும் த-வே முந்திக்கொண்டு வந்து நின்றது. றோஸ் மெல்ல, "எனக்கும் உப்பிடித்தான் பாட்டா" என்றாள்.

அவர் எழும்பினார். முழங்கால் கடகடத்தது.

"உது சரிவராது" என்றார். "உங்கடை கொழும்புப் படிப்பு கொழும்பிலைதான் ஓடும். இஞ்சை ஓடாது."

"நாளைக்கும் இந்த நேரம் இருப்பம் அப்பு" என்றாள் ஞானசவுந்தரி.

அவர் கடற்கரைப் பக்கத்து வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வெளியே போனார். பின்னால் படலை சாத்துகிற சத்தம் கேட்டது. பிலிப்பு உள்ளே வந்து சாத்தினானா, வெளியே போய்ச் சாத்தினானா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் சோளகம் மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. கடற்கோட்டைக்கு அப்பால் காரைநகர்க் கரை வெள்ளையாகக் கிடந்தது. அந்தப் பழைய வள்ளம் அடியை மேலே காட்டிக் கவிழ்ந்து கிடந்தது; விறகுக்குக் கொடுக்கச் சொல்லிப் பல பேர் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு ஒரு காரணமும் சொன்னதில்லை. வெயிலில் தார் வெடித்து, அணியத்தடியில் துண்டு துண்டாகக் கழன்றிருந்தது. கழன்ற இடத்தில் வெள்ளையாக ஒரு வளைவு தலைகீழாகத் தெரிந்தது. கொம்பு.

அவர் குனிந்து, தலையையும் திருப்பி, வள்ளம் நிமிர்ந்திருந்தால் அது எந்தப் பக்கம் வரும் என்று பார்த்தார். இந்தப் பக்கம் என்று நினைத்தால் அந்தப் பக்கமாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் என்று நினைத்தால் மறுபடி திரும்பிவிட்டது. வாய்க்குள் ஒருதரம் தேவமாதா என்று சொல்லிப் பார்த்தார். நாக்கு முதலில் போய்த் தொட்டது த-வைத்தான்.

"பொடியன் எழுதினது சரிதானே" என்றார், கேட்க ஆளில்லாத கடற்கரையில். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு நீரோரமாக நடந்தார். சுட்டுவிரலில் ஈரமணல் ஒட்டியிருந்தது. சாரத்தில் துடைக்கக் கையைக் கொண்டுபோனவர் துடைக்காமல், விரலை மட்டும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார்.